குடை பிடித்த வீடு

அந்த விளம்பரக் கம்பெனியில் ரெஜினாவுக்கு 'குருஜி' என்று பெயர். முதலில் கிண்டலுக்கு வைத்ததுதான். யார் என்ன கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். "வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்" என்று கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது கேட்டவருக்குப் பதில் கிடைத்திருக்கும். அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. வயது என்னவோ முப்பத்து நாலுதான்.

குரு என்றால் சீடர் வேண்டுமே? அது தணிகைவேல். அவருக்கு நாற்பத்தெட்டு. செய்தித்தாளில் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தவர், பேப்பர் நின்றுபோனதும் இங்கே விளம்பர வாசகம் எழுத வந்தார். தன்னைவிடச் சின்னவரிடம் தொழில் கற்றுக்கொள்ள அவருக்குக் கூச்சமே கிடையாது. அந்த விஷயத்தில் தங்கமான மனுஷன். ஆனால் யாரையும் நம்ப மாட்டார். பிரிண்டரில் ஒரு தாள் எடுத்தால், அது வெளியே வரும்வரை பக்கத்திலேயே காவல் நிற்பார். அவர் நாற்காலிக்குப் பின்னால் யாராவது நடந்தால் போதும், லேப்டாப் பட்டென்று மூடிக்கொள்ளும்.

மொட்டை மாடியில் அடிக்கிற வாட்டர் ப்ரூஃப் பெயிண்டுக்கு விளம்பரம் கேட்டு ஒரு கம்பெனி வந்திருந்தது. தணிகைவேலுக்கு ஒரு ஐடியா தோன்றியது. கொட்டுகிற மழையில் ஒரு வீடு பெரிய குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆகா என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். அதைப் படமாகப் போட்டு டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். நம்பினால் நம்புங்கள், அரைஞாண் கயிற்றில்தான்! ரெஜினாவிடம்கூட, "கிளையண்ட் வர்ற அன்னைக்கே காட்டுறேன் மேடம்" என்று சொல்லிவிட்டார்.

கிளையண்ட் மூன்று மணிக்கு வருவதாக இருந்த அன்று காலை, சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறும்போது நிமிர்ந்து பார்த்தவருக்கு வண்டியே தடுமாறியது. புதிதாக ஒரு ஹோர்டிங். அதில் ஒரு வீடு பெரிய குடை பிடித்துக்கொண்டு நின்றது. வேறொரு கம்பெனியின் பெயிண்ட்.

ஆபீசுக்கு வந்ததும் நேராக ரெஜினாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், நான் பூட்டி வச்ச குடை பிடிச்ச வீடு பாலத்துல ஹோர்டிங்கா நிக்குது. நம்ம ஆபீஸ்ல ஒரு களவாணி இருக்கான்."

"யாரு?"

"அப்சல்."

அப்சல் பக்கத்து மேஜைக்காரன். படம் வரைகிறவன். மேலப்பாளையத்துப் பையன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வேலையை நம்பி உம்மாவையும் போன மாதம்தான் சென்னைக்கு அழைத்து வந்திருந்தான்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்த ஹோர்டிங் செஞ்ச கம்பெனியில அவன் மச்சான் இருக்கான் மேடம். அதுவும் இல்லாம, இவன் ரெண்டு தடவை என் பின்னால வந்து நின்னான். என்னடான்னு திரும்பினா, ஒண்ணுமில்லண்ணேன்னு போயிட்டான். ஒண்ணுமில்லாமலா ஒருத்தன் வந்து நிப்பான்?"

ரெஜினா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் முதலாளி வர்றாரு. அவன் பேரைச் சொல்லிடுங்க. இன்னையோட கணக்கை முடிச்சு அனுப்பட்டும். நீங்க சொல்லலைன்னா நானே சொல்லுவேன்."

"சரி, சொல்றேன். இப்ப வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்."

லிஃப்ட்டில் மேல்மாடிப் பல் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். ரெஜினா அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"சிஸ்டர், மாடி ஒழுகாம இருக்க ஒரு பெயிண்ட். அதுக்கு விளம்பரம் செய்யணும். என்ன படம் போடலாம்?"

"வீட்டுக்குக் குடை பிடிச்ச மாதிரி போடுங்களேன்" என்றாள் அவள்.

தணிகைவேலுக்குச் சுருக்கென்றது. இவளுக்கும் அப்சலுக்கும் பழக்கம் இருக்குமோ? போன வாரம்தானே அவன் பல் வலி என்று மேலே போனான்!

டீக்கடையில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் ரெஜினா அதே கேள்வியைக் கேட்டார்.

"குடைதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அவர், வாயில் வடையோடு.

தணிகைவேல் ரெஜினாவின் பக்கம் குனிந்தார். "மேடம், இவங்க ஹோர்டிங்கைப் பார்த்துட்டுப் பேசுறாங்க."

"இருக்கலாம். அப்போ ஆளை நீங்களே பாருங்க. ஹோர்டிங்கைப் பார்த்திருக்கவே முடியாத ஆளா இருக்கட்டும்."

தணிகைவேல் டீ ஆறும்வரை யோசித்தார். கடைசியில் மனைவிக்குப் போன் போட்டார். அவர் மனைவி கோமு, தங்கை பிரசவத்துக்காக அம்பாசமுத்திரம் போய் ஒரு மாதமாகிறது. குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவே கேள்வியைக் கேட்டார்.

"இதுக்கா வேலை நேரத்துல போன் போட்டீங்க?" என்றாள் கோமு. "ஒரு குடையைப் போட்டு விடுங்க."

"உனக்கு யாரு சொன்னா?"

"இதை யாரு வந்து சொல்லணும்? மழைன்னா குடை."

"அப்சல்னு யாராவது உனக்குப் போன் பண்ணுனானா?"

"எந்த அப்சல்? ஏங்க, உடம்புக்கு ஏதும் பண்ணுதா? வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா இல்லையா?"

தணிகைவேல் போனை வைத்தார். ரெஜினா இரண்டு டீக்கும் காசு கொடுத்தார்.

"உங்க டிராயரை நிறையப் பேர் திறந்திருக்காங்க போல இருக்கே சார்."

தணிகைவேலுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாளும் அதையா இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்தோம் என்று இருந்தது.

"மூணு மணிக்கு கிளையண்ட் வர்றாங்க. நம்ம கையில ஒண்ணும் இல்லை" என்றார் ரெஜினா. "போய் அப்சலையும் ஒரு வார்த்தை கேளுங்க."

"அவனையா?"

"சாயங்காலம் வரைக்கும் அவன் நம்ம ஆளுதானே."

வேண்டாவெறுப்பாகத்தான் போனார். அப்சலின் மேஜையருகே நின்றார். அந்த ஆறு மாதத்தில் அவர் அங்கே போய் நின்றது அதுதான் முதல் தடவை. அப்சல் பதறி எழுந்தான்.

"அந்தப் பெயிண்டுக்கு உனக்கு என்னப்பா தோணுது?" அவன் முழிக்கிற முழியைக் கவனித்தபடியே கேட்டார்.

"முதல்ல குடைதாண்ணே தோணுச்சு. எல்லாருக்கும் அதானே தோணும்னு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"ஊர்ல எங்க வீட்டுல மழை வந்தா உம்மா அடுப்படியில இருக்கிற குண்டா, சட்டி, செம்பு எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து ஒழுகுற இடத்துல எல்லாம் வைப்பாங்க. அப்புறம் ஆக்குறதுக்கு ஒரு பாத்திரம் இருக்காது. மழை விட்டாத்தான் சோறு." அவன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான். "அதனால, வெளியே பேய் மழை. உள்ளே அடுப்புல சோறு கொதிக்குது. பாத்திரமெல்லாம் அலமாரியில அது அது இடத்துல இருக்கு. அவ்வளவுதாண்ணே. குடையெல்லாம் வேணாம்."

தணிகைவேல் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் வளர்ந்த வீடும் ஒழுகிய வீடுதான். தூங்கும்போது தலைமாட்டில் ஒரு பித்தளை அண்டா இருக்கும். இத்தனை நாள் மழையைப் பற்றி யோசித்தும் அந்த அண்டா ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"இதை எப்பப்பா யோசிச்சே?"

"மூணு வாரம் இருக்கும்ணே. ரெண்டு தடவை உங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்க லேப்டாப்பை மூடிட்டீங்க. ஏதோ முக்கியமான வேலையில இருக்கீங்கன்னு போயிட்டேன்."

"வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லலண்ணே."

பாழாய்ப்போன மனசு சும்மா இருக்குமா? யாரிடமும் சொல்லவில்லை. கிளையண்ட் முன்னால் நின்று பேசப்போவது நாம். இவனோ சாயங்காலம் வேலையை விட்டே போகப்போகிறான். கேட்க யார் இருக்கிறார்கள்? இப்படி ஒரு நினைப்பு வந்தது தணிகைவேலுக்கு. இத்தனை நாளும் ஆபீஸ் முழுக்கத் தேடின களவாணி தன் சட்டைக்குள்ளேயே நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"நீ பாட்டுக்கு என்கிட்ட இப்படிச் சொல்றியே, பயமா இல்லையா?"

"எதுக்குண்ணே பயம்?" என்றான் அப்சல். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

தணிகைவேல் ரெஜினாவின் அறைக்குப் போனார். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. அடுப்பு, சோறு, அலமாரிப் பாத்திரம் எல்லாவற்றையும் சொன்னார். ரெஜினா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்லா இருக்கு சார். யாரோடது?"

தணிகைவேலின் கை இடுப்பிலிருந்த சாவியைத் தடவியது.

"அப்சலோடது" என்றார். "கிளையண்ட்கிட்ட அவனே பேசட்டும் மேடம். நான் பக்கத்துல இருக்கேன்."

ரெஜினா தலையசைத்தார். தணிகைவேல் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"மேடம், காலையில நான் ஒண்ணு சொன்னேனே..."

"ஞாபகம் இருக்கு சார். சாயங்காலம் முதலாளிகிட்ட அவன் பேரைச் சொல்லணும்னீங்க" என்றார் ரெஜினா. "சொல்லிடறேன்."