கீறல் படாத இருபது கம்ப்யூட்டர்

வெல்டிங் படிக்கும் பிள்ளைகள் முதலில் திரையில் பழகட்டும் என்று, அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு இருபது கம்ப்யூட்டர் வந்து மூன்று வருஷம் ஆயிற்று. முதல்வர் குலசேகரன் அன்றைக்கே அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர்தான். ஆயுத பூஜைக்கு மட்டும் திறந்து, பொட்டு வைத்துப் பூட்டிவிடுவார்.

ஆய்வுக்கு வந்த இயக்குநர் அம்மாவிடம், "ஒரு கீறல் உண்டா, பாருங்க மேடம்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"போட்டுக் காட்டுங்க."

ஒன்றுகூட ஓடவில்லை. குலசேகரன் பட்டறையைப் பெருக்கும் தங்கபுஷ்பத்தின் மேல் பாய்ந்தார். "நீதான் ஏதோ பண்ணியிருக்கே! பத்து நிமிஷத்துல ஓட வை. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

"தொட்டா கையை ஒடிப்பேன்னீங்களே சார். இப்போ தொடலாமா?"

"தொடு, தொலை!"

"மேடம், நீங்கதான் சாட்சி" என்றவள் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தாள். மூன்று வருஷத்துப் பூஜைச் சந்தனம் ஒவ்வொரு பவர் பட்டனிலும் கல்லாக இறுகியிருந்தது. ஒன்றில் சுரண்டி எடுத்து அழுத்தினாள். திரை பளிச்சென்று எரிந்தது. வாசலில் நின்ற பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள்.

இயக்குநர் சாவியை வாங்கித் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தார்.

குலசேகரனின் கண்ணெல்லாம் பட்டன்மேல்தான். "ஐயையோ, கீறிட்டாளே!"

"ஆமா சார்," என்றாள் தங்கபுஷ்பம், சாவியை முந்தானையில் முடிந்தபடி. "இத்தனை நாள் சாமி படமா இருந்துச்சு. இன்னிக்குத்தான் பட்டறைச் சாமான் ஆயிருக்கு."