தறிவீதிக்கு வந்த புதுச் சொல்லேடு

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். எந்த நாட்டுக்கு என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவருக்கே தெரியாது. நல்ல மனிதர்தான். ஆனால் தமக்குப் புரியாத எதையும் தம்மைப் பற்றிய கேலி என்று எடுத்துக்கொள்வது அவருடைய வழக்கம்.

ஒருநாள் காலை, புதுப் பட்டு மேலாடையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தறிவீதி வழியாக நடந்து போனார். நெசவாளிகள், துணியில் நெடுக்காக ஓடும் பாவு நூலை வீதியின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, அதற்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அரசரைக் கண்டதும் எல்லோரும் கும்பிட்டார்கள். அவர் நாலடி தாண்டியதும் அங்கப்பன் என்ற நெசவாளி தன் மனைவி செவந்தியிடம் மெதுவாக ஏதோ சொன்னான். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அரசர் காதில் நாலைந்து சொற்கள் விழுந்தன. எல்லாம் தறிக்காரர்கள் தங்களுக்குள் பேசும் சொற்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அரண்மனைக்குத் திரும்பியவர் உண்ணக்கூட இல்லை. சபையைக் கூட்டினார்.

"நம் நாட்டில் நமக்கே தெரியாத சொற்கள் உலவுகின்றன. இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?"

ஆஸ்தான வித்துவான் திருமேனிநாதர் எழுந்தார். அன்று விடியலில்தான் அரசரின் மேலாடையைப் புகழ்ந்து எட்டுப் பாட்டுப் பாடி ஒரு மோதிரம் வாங்கியிருந்தார்.

"அரசே, அவை இழிந்த வழக்குகள். நெசவுக்கென்று செம்மையான சொற்களைத் தொகுத்து அடியேன் ஓர் ஏடு இயற்றித் தருகிறேன். இனி அவர்கள் அதில் உள்ளவற்றையே வழங்கட்டும்."

சபையின் மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரசவை விகடன் வேலப்பன்தான். அரசரிடம் அவனுக்கு இருந்த செல்வாக்கு வித்துவானுக்கு நெடுநாளாகக் கண்ணை உறுத்தியது. இதுதான் சமயம் என்று அவர் தொடர்ந்தார்.

"ஏட்டின்படி வேலை நடக்கச் செய்யும் பொறுப்பை விகடரிடமே ஒப்படையுங்கள். பௌர்ணமிக்குள் தங்களுக்கு ஒரு புத்தாடை நெய்து வரட்டும். வராவிட்டால் தறிவீதி முழுவதையும் காலி செய்துவிடலாம்."

அரசர் தலையாட்டினார். கட்டளையை வித்துவானே எழுதினார். மீறுபவரின் தறியைப் பறிப்பது என்பதுதான் கருத்து. 'தறி' என்ற சொல் அவருக்கு இழிவாகப் பட்டதால், அதற்குப் பதில் 'இருக்கை' என்று வைத்து இப்படி எழுதினார்: "தறிவீதியில் நின்று, ஏட்டில் இல்லாத தொழிற்சொல்லை உரைப்பவர் எவராயினும், அவர் அமரும் இருக்கை அக்கணமே பறிக்கப்படும்." வீதியின் பெயரில் அந்தச் சொல் இருந்ததை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்றே நாளில் ஏடு தயாரானது. வித்துவான் அரண்மனைப் படியை விட்டு இறங்காமலே எழுதி முடித்துவிட்டார்.

வேலப்பன் அதை எடுத்துக்கொண்டு தறிவீதிக்குப் போனான். வீதியே வாயடைத்துக் கிடந்தது. தறி ஓசையும் இல்லை, பேச்சும் இல்லை. அங்கப்பன் தன் வீட்டுத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ஏட்டைப் படிச்சீங்களா?" என்று வீதிக்குக் கேட்காத குரலில் கேட்டான் அங்கப்பன்.

"படித்தேன். துணிக்கு முப்பத்திரண்டு பெயர் இருக்கிறது. நூல் எப்படித் துணியாகிறது என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை."

"அப்ப நாங்க எப்படிங்க வேலை செய்யறது? பாவுக்குக் கஞ்சி போட்டா பன்னண்டு பேரு பிடிக்கணும். பிடி, விடு, இழுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம ஆகாதுங்க. சொன்னா தறி போயிரும். சொல்லாம இருந்தா பௌர்ணமிக்குத் துணி வராது, அப்பவும் தறி போயிரும்."

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தறியில்லாட்டி எங்களுக்கு வேற என்னங்க தெரியும்?"

வேலப்பனுக்கு மனசு கனத்தது. பிறகு கட்டளை ஓலையை எடுத்து இன்னொரு முறை படித்தான். அவன் முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

"பௌர்ணமி வரை யாரும் வாயைத் திறக்க வேண்டாம். அன்றைக்கு அரசருக்கு வைத்திருக்கும் நூலை மட்டும் வீதியில் விரித்துக் கஞ்சியில் நனைத்து வையுங்கள். அதையும் சைகையிலேயே செய்யுங்கள். மற்றது என் பாடு."

பௌர்ணமி அன்று காலை அரசர் வந்தார். முந்தின நாள் பெய்த மழையில் வீதியெல்லாம் சேறு. பல்லக்குத் தூக்கிகள் அவருடைய ஆசனத்தைக் கொண்டுவந்து மேடான இடத்தில் போட்டார்கள். எதிரே நனைந்த பாவு இரு கம்பங்களுக்கு நடுவே நின்றது.

"ஆடை எங்கே?" என்றார் அரசர்.

"இதோ, நூலாக இருக்கிறது அரசே. இதற்கு மேல் என்ன செய்வதென்று ஏட்டில் இல்லை. கட்டளையை மீற எங்களுக்குத் துணிவும் இல்லை."

வித்துவான் சிரித்தார். "கைவேலைக்கு வாய் எதற்கு? ஊமைகூடச் செய்துவிடுவான்."

"அப்படியானால் வித்துவானும் அவருடைய சீடர்களுமாகப் பன்னிரண்டு பேர் வரட்டும்," என்றான் வேலப்பன். "இதை எடுத்து, தரையில் படாமல், கீழ்ப்பக்கம் மேலே வரும்படி மறுபடி வைத்தால் போதும். ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அரசர் கையசைத்தார். மறுக்க முடியாமல் வித்துவான் வேட்டியை மடித்துக் கட்டினார். பன்னிரண்டு பேரும் பாவைப் பிடித்தார்கள். இந்த முனையில் இருந்தவர்கள் வலப்பக்கம் புரட்டினார்கள், அந்த முனையில் இருந்தவர்கள் இடப்பக்கம் புரட்டினார்கள். வித்துவான் கண்ணை உருட்டினார். அது யாருக்கு என்று தெரியாமல் மூன்று பேர் பாவை விட்டுவிட்டார்கள். நடுப்பகுதி தொய்ந்து சேற்றை நோக்கி இறங்கியது. செவந்தி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அரசர் சட்டென்று எழுந்துவிட்டார். "தூக்கு! நடுவிலே பிடித்துத் தூக்கு!"

அங்கப்பன் ஒரே பாய்ச்சலில் ஓடி நடுப்பாவைத் தோளில் தாங்கினான். நூல் தப்பியது.

வேலப்பன் நிதானமாக ஏட்டைப் பிரித்தான். முதல் ஓலையிலிருந்து கடைசி ஓலை வரை விரலை ஓட்டினான்.

"வித்துவான் அவர்களே, 'தூக்கு' என்பதை எந்த ஓலையில் எழுதியிருக்கிறீர்கள்?"

வித்துவான் கஞ்சிக் கையோடு நின்றார். "எழுதவில்லை," என்றார்.

"'பிடித்து'?"

"அதுவும் இல்லை."

வேலப்பன் பல்லக்குத் தூக்கிகளைப் பார்த்தான். "அந்த ஆசனத்தை எடுத்துப் போங்கள். இருக்கை பறிக்கப்படும் என்பது அரசர் கட்டளை. எவராயினும் என்றும் எழுதியிருக்கிறது."

அரசர் ஆசனத்தைப் பார்த்தார், தொய்ந்த பாவைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வேலை என்று வந்துவிட்டால் எமக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. கட்டளையையும் ஏட்டையும் இப்போதே திரும்பப் பெறுகிறோம். தறிகள் அவரவர் வீட்டிலேயே இருக்கும்."

செவந்தி அழுதே விட்டாள். அங்கப்பன் பாவை மற்ற நெசவாளிகளிடம் கொடுத்துவிட்டுக் கும்பிட்டான்.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள்," என்றார் அரசர். "அன்று எம்மைப் பார்த்து என்ன பேசிச் சிரித்தீர்கள்?"

அங்கப்பன் தலையைச் சொறிந்தான். செவந்திதான் பதில் சொன்னாள்.

"வேற ஒண்ணுமில்லீங்க. மேலாடையோட அடிப்பக்கத்தை வெளிய போட்டுட்டு வந்தீங்க. நூல் முனையெல்லாம் தொங்கிட்டு இருந்துச்சு." கொஞ்சம் தயங்கினாள். "இன்னைக்கும் அப்படித்தானுங்க இருக்குது."

அரசர் தம் தோளைக் குனிந்து பார்த்தார். பிறகு வித்துவானைப் பார்த்தார். எட்டுப் பாட்டு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அரசர் மறுபடி சிரித்துக்கொண்டே மேலாடையைக் கழற்றினார். "இதற்குப் பொருத்தமான தோள் வேறு," என்று வேலப்பனுக்குப் போர்த்தினார். பழக்க தோஷம், அதையும் அடிப்பக்கம் தெரியத்தான் போர்த்தினார். செவந்தி ஓடிவந்து திருப்பிப் போட்டாள்.

வேலப்பன் குனிந்து வணங்கினான். "அரசே, வித்துவானைக் கோபிக்க வேண்டாம். மேற்பக்கத்தை அவர் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். இன்னும் எட்டுப் பாட்டுக்கு இடம் இருக்கிறது."