அரண்மனைக்குள் போக ஒரு பூச்சரம்

இணையதளத்தில் கடவுச்சொல் போட்டு நுழைகிறோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் வெளியே தள்ளிவிட்டு, மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறது. நமக்கு எரிச்சல் வருகிறது. இதே எரிச்சல் வெண்குன்றத்து ராஜாங்கத்தில் ஒருவருக்கு வந்தது. அந்தக் கதைதான் இது.

வெண்குன்றத்தை ஆண்டவர் இளஞ்சிங்க பூபதி. அவர் சபைக்குக் குழல் வாசிக்க ஒருவன் வந்தான். வாசித்து முடித்த பிறகும் அவன் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. மாதக்கணக்கில் அரண்மனைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ஒருநாள் மகாராணியின் முத்துமாலையோடு கிளம்பிப் போனான். காவலர்கள் கும்பிட்டு வழியனுப்பினார்கள்.

அரசர் தம் சபையில் இருந்த அகத்தீசனைக் கூப்பிட்டார். அவன் சாமர்த்தியசாலி.

"இனி அந்நியன் எவனும் உள்ளே வரக்கூடாது. நம்மவர்களை வாசலுக்கு வாசல் நிறுத்தி, யார் யார் என்று கேட்கவும் கூடாது. அதற்காக, ஒருமுறை வந்தவன் காலமெல்லாம் உள்ளேயே இருந்துவிடவும் கூடாது. ஓர் அந்நியன் நுழைந்தாலும் உன் தலை போகும்."

"என் தலைதானே மகாராஜா, கவனமாகவே செய்கிறேன்" என்றான் அகத்தீசன்.

அரண்மனைக்கு வந்துபோகும் ஒவ்வொருவருக்கும் ஒரு பானையை உடைத்தான். ஓர் ஓடு அவரிடம், பொருந்தும் ஓடு வாசலில். காவலன் வாசலில் இருக்கும் ஓட்டைத் திருடினாலும் பயனில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். திறந்ததும் மணிக்கட்டில் ஒரு பூச்சரம் கட்டுவார்கள். பூ வாடாதவரை எந்த வாசலிலும் கேள்வி கிடையாது, வெளியே போய்த் திரும்பினாலும் சரி. வாடிவிட்டால் மறுபடியும் ஓட்டைக் காட்ட வேண்டும்.

எல்லோருக்கும் பிடித்துப்போனது. சேனாதிபதி விருபண்ணனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் அரசரின் மைத்துனர். அகத்தீசனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

ஒருநாள் காலை அவர் முறைப்படி உள்ளே வந்தார். கையிலிருந்த சரத்தை நைசாகக் கழற்றி, மதிலுக்கு வெளியே நின்ற தன் வீட்டுச் சமையல்காரன் முத்தாண்டியிடம் வீசினார். முத்தாண்டி அதைக் கையில் மாட்டிக்கொண்டு ஏழு வாசலையும் தாண்டிச் சபைக்கே வந்துவிட்டான்.

"பாருங்கள் மகாராஜா!" என்று எழுந்தார் விருபண்ணன். "இவன் என் சமையல்காரன். இவனுக்கு ஓடே கிடையாது. எப்படி வந்தான்? அந்நியன் நுழைந்துவிட்டான்!"

சபை அகத்தீசனின் கழுத்தைப் பார்த்தது. அகத்தீசனும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"உள்ளே அந்நியர் ஒருவர் இருப்பது உண்மைதான் மகாராஜா" என்றான். "பூ இருந்தால் நம்மவர், இல்லாவிட்டால் அந்நியர். எல்லோரும் கையைத் தூக்கினால் தெரிந்துவிடும்."

எல்லோரும் தூக்கினார்கள். விருபண்ணன் தூக்கவில்லை. காவலர்கள் அவர் கையைத் தூக்கிப் பிடித்தார்கள். மணிக்கட்டு மொட்டையாக இருந்தது.

"அப்படியானால் இவன் யார்?" என்று அரசர் முத்தாண்டியைக் காட்டினார்.

"சேனாதிபதியின் பூவோடு வந்திருக்கிறார். அதனால் சேனாதிபதி."

முத்தாண்டி தரையில் விழுந்து கும்பிட்டான். "சாமி, எனக்கு ரசம்தான் வைக்கத் தெரியும்!"

"இதில் என் பிழையும் இருக்கிறது" என்றான் அகத்தீசன். "சரம் கழற்றுகிற மாதிரி இருந்திருக்கக்கூடாது. நாளையிலிருந்து அறுத்தால் மட்டுமே வருகிற முடிச்சாகப் போடுகிறேன். ஆனால் இன்றைய விதி இன்றைக்கு உண்டு. பூ வாடும்வரை இந்தச் சமையல்காரர்தான் சேனாதிபதி. அவர் அடுக்களையில் இப்போது ஆள் இல்லை, அதைத் தங்கள் மைத்துனர் பார்த்துக்கொள்ளட்டும்."

"நியாயம்தான். சாயங்காலம்வரைதானே மைத்துனரே, பொறுத்துக்கொள்ளும்" என்றார் அரசர்.

விருபண்ணன் முகம் வெளுத்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டே முத்தாண்டியின் கையிலிருந்த பூவைப் பார்த்தார்.

"ஏன் இப்படி வியர்க்கிறது இவருக்கு? அது என்ன பூ?"

"எல்லோருக்கும் முல்லைதான் மகாராஜா. இவர் மட்டும், 'அரசர் மைத்துனன் தினம் வாசலில் ஓட்டைக் காட்டிக்கொண்டு நிற்பதா? எனக்கு வாடாத பூவாகக் கட்டு' என்றார். கட்டினேன்."

"என்ன பூ?"

"வாடாமல்லி."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே கணையாழியைக் கழற்றி அகத்தீசனிடம் நீட்டினார்.

அன்று மத்தியானம் ரசம் வைத்தது விருபண்ணன்தான். உப்பு கொஞ்சம் தூக்கல்.