தப்பே சொல்லாத நாரை

ஒரு காட்டில், மழை எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்வதைப் பிழைப்பாக வைத்துக்கொண்டு ஒரு நாரை வாழ்ந்தது. கடல் தாண்டிப் போய் காற்றையும் மேகத்தையும் பற்றிப் படித்துத் திரும்பிய நாரை. அதனால் மற்ற நாரைகளைவிட அதன் கழுத்து சற்று அதிகமாகவே நிமிர்ந்திருக்கும்.

வந்த புதிதில், "நாளை வெயில் கொளுத்தும்" என்று ஆற்றங்கரையில் நின்று அறிவித்தது. அதை நம்பி அணில் தன் தானியத்தை எல்லாம் பாறையில் காயப்போட்டது. மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது.

"படிச்சவரே, இதுதான் உங்க ஊர் வெயிலா?" என்று வாலைப் பிழிந்தபடி கேட்டது அணில்.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "இனிமே இவர் வெயில்னு சொன்னா, தவளைங்க கல்யாணத்துக்கு நாள் குறிச்சிடலாம்!"

நாரை கூனிக் குறுகிப்போனது. யோசித்து யோசித்து, யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தது: "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்."

பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி. தினமும் அதே அறிக்கைதான். ஒருநாளும் பொய்க்கவில்லை. 'இவ்வளவு துல்லியமாக வேறு யாரால் சொல்ல முடியும்!' என்று நாரை தன்னையே மெச்சிக்கொண்டது.

ஐப்பசியில் ஒரு மாலை, வானம் கன்னங்கரேலென்று திரண்டது. இலைகூட அசையவில்லை. பொழுது விடிவதற்குள் ஆறு கரை புரளும் என்று நாரைக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

கரையோர வளையில் குட்டி போட்டிருந்த முயல் ஓடி வந்தது.

"அண்ணே, குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கலை. மேட்டுக்குத் தூக்கிட்டுப் போகவா, இங்கேயே இருக்கவா? மேட்டுல பாம்பு நடமாட்டம். சும்மா போக முடியாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

'ஓடு!' என்று சொல்லத்தான் நாரை அலகைத் திறந்தது. எதிர்க்கரையில் நரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. பொய்த்துவிட்டால்?

"ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்றது.

"அந்த ஓரிரு இடத்துல என் வளை இருக்கா, அண்ணே?"

"இருக்கக்கூடும்."

முயல் தலையில் அடித்துக்கொண்டு வளைக்குத் திரும்பியது.

அது போனதும், நாரை பரபரவென்று தன் கூட்டைக் குச்சி குச்சியாகப் பிரித்து, மேட்டில் நின்ற மருத மரத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கியது. பாதி வழியில் கீழே பார்த்தால், வளை வாசலில் முயல் அண்ணாந்து நின்றது.

"என்ன அண்ணே, வீடு மாத்துறீங்க?"

வாயில் குச்சியோடு நாரை திருதிருவென்று விழித்தது. "அங்கே... காற்றோட்டம் நன்றாக இருக்குமாம்."

முயல் வளைக்குள் பாய்ந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. அன்றிரவு வெள்ளம் வந்து வளையை அடித்துக்கொண்டு போனது. குட்டிகள் பிழைத்தன.

அதற்குப் பிறகும் நாரை தொண்டையைச் செருமிக்கொண்டு தினமும் அறிக்கை வாசித்தது. ஒரு பிராணியும் காது கொடுக்கவில்லை. எல்லாம் மருத மரத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கும்.

"கூடு இருந்த இடத்துலயே இருக்கு. வாங்கப்பா, வேலையைப் பார்க்கலாம்" என்று நரி சொல்லும். உடனே கூட்டம் கலைந்துவிடும்.

நீதி: தவறிவிடுமோ என்று அஞ்சி மழுப்பிப் பேசுபவரின் சொல் ஒருபோதும் தவறாது, ஒருவருக்கும் உதவவும் செய்யாது.