திட்டைக் கட்டியவர்கள்

கடலிலிருந்து பிழைத்து வந்த பிறகு, லூர்துராயன் நன்றி சொல்லாத இடம் அந்தக் கரையில் பாக்கி இல்லை. மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினார். தர்காவில் சர்க்கரை ஓதி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். அம்மன் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். அப்படியும் மனசு ஆறவில்லை.

காலமெல்லாம் தோணியில் சுக்கான் பிடித்தவர் அவர். ஓய்வு பெற்ற பின்னும் கடலை விட முடியாமல், சின்ன வள்ளத்தில் தனியே மீனுக்குப் போய்வந்தார். அப்படிப் போன ஒருநாள் காற்று திரும்பி, வள்ளம் கவிழ்ந்தது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நீந்தினார். கை சோர்ந்து, இனி முடியாது என்று உடம்பைத் தளர விட்டபோது காலில் மணல் தட்டியது. நடுக்கடலில், நெஞ்சளவுத் தண்ணீரில், அவர் நின்றுகொண்டிருந்தார். அது வெள்ளைத்திட்டு என்ற மணல்தீவின் வால்முனை. ஊர்ந்து மேலேறிப் படுத்தவரை, மறுநாள் காலை கித்தேரியான் என்ற மீனவர் பார்த்துத் தூக்கிவந்தார்.

அவருடைய காலைத் தொடப் போனார் லூர்துராயன். கித்தேரியான் பதறிப் பின்வாங்கினார்.

"என்ன மாமா இது! நான் வந்து தூக்குனது பெருசா? திட்டு இல்லன்னா அங்க தூக்க ஆளே இருந்திருக்காதே."

அந்தப் பேச்சு லூர்துராயனைப் பிடித்துக்கொண்டது. மறுநாளே உமையாளைத் தேடிப் போனார்.

உமையாள் கரையோரத் தென்னந்தோப்பில் தனியாக இருந்தார். வயது நாற்பதுதான். முன்பு கடல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவர். ஒரு நாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்தார். மனசில் கேள்வியுள்ளவர்கள் அவரிடம் வருவார்கள். தம்மைவிட இருபது வயது இளையவரான அவரை, லூர்துராயனும் நெடுநாளாக 'அம்மா' என்றுதான் அழைத்துவந்தார்.

"நான் யாருக்கு நன்றி சொல்லணும், அம்மா?"

உமையாள் எழுந்து கடல்பக்கம் பார்த்தார். "கித்தேரியான் வள்ளம் கரையில நிக்குதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

வள்ளம் கவிழ்ந்த நாளிலிருந்து லூர்துராயன் அலையில் கால் நனைத்ததில்லை. ஆனாலும் உமையாளோடு கித்தேரியானின் வள்ளத்தில் ஏறினார். வள்ளத்தின் விளிம்பை இறுகப் பற்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வள்ளம் திட்டில் தரைதட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

முன்பு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்த இடம், இன்று வெயிலில் அமைதியாகக் கிடந்தது. அவர் மண்டியிட்டுத் தலை தாழ்த்தி, மணலை முத்தமிட்டார்.

உமையாள் ஒரு சிட்டிகை மணலை உள்ளங்கையில் வைத்து, பூதக்கண்ணாடியை நீட்டினார்.

"பாருங்க."

"மீன் சினை மாதிரி இருக்கு. எல்லாம் உருண்டை உருண்டையா."

உமையாள் ஒரு சிப்பி ஓட்டில், புளிப்பு அதை அரிக்காதபடி எண்ணெய் தடவி, அதில் சில மணல்மணிகளை மட்டும் போட்டார். பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நறுக்கி அதன்மேல் பிழிந்தார். மணல் நுரைத்தது. குமிழிகள் எழுந்து எழுந்து உடைந்தன. சாறு குறையக் குறைய மீண்டும் பிழிந்தார். நுரை அடங்க நேரமாயிற்று.

"இப்போ?"

லூர்துராயன் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். மணி கரைந்துபோயிருந்தது. அது இருந்த இடத்தில் ஏதோ மெல்லியதாக, பாலாடை போல, அசைந்தது.

"என்னம்மா இது?"

"கட்டுனவங்க."

"யாரு?"

"கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க. ஒரு தூசியைச் சுத்தி ஒட்டிக்கும். வெயிலைக் குடிச்சு வாழும். அதுங்க வாழற வாழ்க்கையில, தண்ணியில கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பு அதுங்க மேலயே படியும். அலை உருட்டும். அதுக்கு மேல இன்னொரு கூட்டம் ஒட்டும். மறுபடி சுண்ணாம்பு. அப்படித்தான் ஒரு மணி. அப்படித்தான் இந்தத் திட்டு."

லூர்துராயன் எழுந்து நாலாபக்கமும் பார்த்தார். கண்ணுக்கெட்டியவரை வெள்ளை மணல்.

"இத்தனையும் எனக்காகவா செஞ்சுதுங்க?"

"இல்ல அண்ணாச்சி. உங்களை அதுங்களுக்குத் தெரியாது."

"தெரியாமலேயா என்னைத் தாங்குச்சு?"

உமையாள் ஆமென்று தலையசைத்தார்.

லூர்துராயன் மறுபடி குனிந்து சிப்பிக்குள் பார்த்தார். பாலாடைக்குள் ஒரு பொடி மட்டும் கரையாமல் மினுங்கியது.

"இது கரையலையே?"

"அதுதான் நடுவுல இருந்த தூசி. எங்கிருந்தோ வந்த கல்லுத்துகள்."

"அது என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல. ஒட்டிக்க இடம் குடுத்துது."

திரும்பும்போது லூர்துராயன் கண்ணை மூடவில்லை. கையைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி வந்தார். வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். அது ஜெபமா, பேச்சா என்று கித்தேரியானுக்குப் புரியவில்லை.

கரையில் ஒரு லாரி நின்றது. பாயும் பானையும் கோழிக்கூடும் ஏற்றிய லாரி. அவற்றின் நடுவே பத்துப் பதினைந்து பேர். வடக்கே ஒரு குப்பத்தில் கடல் ஏறி வீடுகளைக் கொண்டுபோய்விட்டதாம். அவர்களை எங்கே இறக்குவது என்று தெரியாமல் டிரைவர் கண்டவரிடமெல்லாம் வழி கேட்டுக்கொண்டிருந்தான்.

லூர்துராயன் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. அவர் மனசு இன்னும் திட்டிலேயே இருந்தது.

"அம்மா, காது இல்லாததுங்க, பேரு தெரியாததுங்க. அதுங்களுக்கு எப்படி நான் நன்றி சொல்லுவேன்?"

உமையாள் லாரியைப் பார்த்தபடி கேட்டார்:

"உங்க வீட்டுல எத்தனை பேர் படுக்கலாம் அண்ணாச்சி?"

லூர்துராயன் லாரியைத் திரும்பிப் பார்த்தார். ஈரக்காலோடு நடந்துபோய், லாரியிலிருந்து இறங்கத் தடுமாறிய ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.