முள் சரியாகத்தான் நின்றது

தூத்துக்குடிப் பக்கம் கஸ்பார் தன் வள்ளத்துக்குப் புது இஞ்சின் வாங்கிய வருஷம் நடந்த கதை இது.

அந்த வள்ளத்தில் ஒரு மீட்டர் இருந்தது. இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று முள்ளால் காட்டுவதுதான் அதன் வேலை. பழைய இஞ்சின் மண்டையைப் போட்டதும், "மீட்டர் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீணாக்கணும்?" என்று கஸ்பார் அதையே புது இஞ்சினுக்கு மாட்டிவிட்டார். மீட்டருக்குத் தலைகால் புரியவில்லை. தன் வாயில் பொய்யே வராது என்று அதற்கு எப்போதும் ஒரு நினைப்பு.

முதல் நாளே முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போயிற்று.

"ஐயையோ!" என்று அலறியது மீட்டர். "இவன் இப்படித் தறிகெட்டு ஓடினா வெடிச்சே போவானே!"

"நான் சாதாரணமாத்தானே ஓடுறேன்?" என்றது இஞ்சின். யார் கேட்டார்கள்?

கஸ்பாரும் பதறிப்போனார். பழி முழுக்க விசிறி தலையில் விழுந்தது. வள்ளத்துக்குப் பின்னால் தண்ணீரைத் தள்ளுமே, அந்த விசிறிதான். அதன் இதழில் சாய்வு பத்தாது, தண்ணீரைப் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது, பாரம் இல்லாததால் இஞ்சின் பறக்கிறது என்று முடிவுகட்டி, அதைக் கழற்றி வள்ளத்திலேயே ஒரு மூலையில் போட்டார். இதழ் நன்றாகச் சாய்ந்த ஒரு தடியன் விசிறி வந்து சேர்ந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீரை வாரி வாரித் தள்ளுகிற ஆசாமி.

முள் இறங்கிச் சரியான இடத்தில் நின்றது. மீட்டர் பூரித்துப்போயிற்று.

"அண்ணே, மூச்சு முட்டுது," என்றது இஞ்சின். "இவ்வளவு பாரம் என்னால இழுக்க முடியலே."

"நடிக்காதே. முள்ளைப் பாரு. நீ நல்லா இருக்கேன்னு அதுதான் சொல்லுதே!" என்று அதட்டியது மீட்டர்.

இப்படியே நாள் போயிற்று. இஞ்சின் கரும்புகையாகக் கக்கியது, தொட்டால் கை பொசுங்கியது. ஒருநாள் நடுக்கடலில் தடியன் விசிறிக்கே மனசு கேட்கவில்லை.

"யோவ் மீட்டர், இவன் எத்தனை சுத்து சுத்துறான்னு நீ எப்படி எண்ணுறே?"

"கரண்டு துடிப்பு அனுப்புவான். நாலு துடிப்பு வந்தா ஒரு சுத்து."

"நாலா?" இஞ்சின் திடுக்கிட்டது. "அது பழைய இஞ்சினுக்கு! நான் ஒரு சுத்துக்கு ஆறு அனுப்புறேன்!"

மீட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அதன் முதுகில் ஒரு சின்னத் திருகு உண்டு. எந்த இஞ்சின் என்று பார்த்து அதைத் திருப்பி வைக்கவேண்டும். யாருமே திருப்பவில்லை. அப்படியானால் இரண்டு சுற்றை மூன்று என்றல்லவா இத்தனை நாளும் சொல்லியிருக்கிறது! பழைய விசிறிமேல் ஒரு குற்றமும் இல்லையே! தாங்காத பாரத்தை இஞ்சின்மேல் ஏற்றி, அநியாயமாக ஒரு நல்ல உயிரையல்லவா வதைத்துவிட்டது!

"ஐயோ தம்பி, நீ கத்தியிருக்கக் கூடாதா?"

"கத்தினேனே," என்றது இஞ்சின். குரல் அடங்கிக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்து, இஞ்சினைப் பிடித்திருந்த மைத்துனன் ரெமிஜியுஸ் திரும்பினான். "மச்சான், புகை ஒரு மாதிரியா வருது. பழைய விசிறியவே மாட்டிருவோமா?"

"பொறு, மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாப்போம்," என்று கஸ்பார் குனிந்தார்.

"மாட்டுங்க! நான் சொன்னதெல்லாம் தப்பு! மாட்டுங்க!" உயிரே போகிற மாதிரி அலறியது மீட்டர். ஆனால் மனுஷரிடம் பேச அதற்கு அந்த முள்ளை விட்டால் வேறு வாய் ஏது? முள்ளோ சரியான இடத்தில் அசையாமல் நின்றது.

"மீட்டர் பக்காவா இருக்கு மாப்ள. நீ முடுக்கு," என்றார் கஸ்பார்.

ரெமிஜியுஸ் முடுக்கினான். உள்ளே என்னமோ படீரென்றது. அதன்பிறகு இஞ்சின் ஒரு வார்த்தை பேசவில்லை. கரை கண்ணுக்கே தெரியாத இடத்தில் வள்ளம் ஆடிக்கொண்டு நின்றது.

முள் இறங்கி, இறங்கி, பூச்சியத்தில் வந்து நின்றது.

அதை மட்டும் மீட்டர் சரியாகச் சொன்னது.