கியர் ஆயில் ஊற்ற ஒரு மட்டமான இடம்

கோணக்கரட்டில் இட்லி ஊற்றினால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் சன்னமாகவும்தான் வரும். மலையூர், அடுப்பு வைக்கக்கூட ஒரு சாண் மட்டமான இடம் கிடையாது. அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை. இட்லி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர் சென்னியப்பனுக்கு ஒருவழியாகக் கல்யாணம் கூடிவந்தது. "செருப்பை விட்டுட்டு வாங்க" என்று பெண் வீட்டில் சொன்னால், செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஊர் திரும்புகிற பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அடிவாரத்து மரகதம் மட்டும் அவனைப் பார்த்ததும் சரி என்றாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மாப்பிள்ளை கார்ல வந்து எறங்கோணும். கார்ல வரலீன்னா கல்யாணம் இல்லை."

வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்த்து அது கியர் விழாமல் கறகறவென்று கத்தியது. சென்னியப்பன் உடனே அடிவாரத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டான். அவனுடைய பெரியப்பா மகன்கள் நாச்சிமுத்துவும் பொங்கியண்ணனும் வையாபுரியும் போனைச் சுற்றிக் காதை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"கியர் பாக்ஸ்ல ஆயில் வத்திப்போச்சுங்க," என்றார் மெக்கானிக். "சரியான கியர் ஆயிலாப் பாத்து வாங்குங்க. வண்டியை மட்டமான எடத்துல நிறுத்தி, பக்கவாட்டு போல்ட்டைக் கழட்டி, ஓட்டையில வழியற வரைக்கும் ஊத்துங்க. வழிஞ்சா நெறைஞ்சுதுன்னு அர்த்தம். வழியறது நின்னதும் போல்ட்டைப் பூட்டிருங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனை வைத்தார், பாவம்.

ஆயில் கடைக்காரர் இரண்டு டின்களை எடுத்து வைத்தார். ஒன்றில் தொண்ணூறு, மற்றதில் நூற்று நாற்பது என்று போட்டிருந்தது. நாச்சிமுத்து பதறிப்போனான்.

"மலைப்பாதையில முப்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்காங்க. தொண்ணூறை ஊத்துனா போலீஸ் சும்மா உடுமா? முப்பது குடுங்க."

"அது வேகம் இல்லீங்க, ஆயிலோட கனம்," என்றார் கடைக்காரர். "தொண்ணூறு இளக்கம், இது கெட்டி. குளுருற எடத்துக்கு இளக்கமா ஊத்தோணும். வெயில் எடத்துக்குக் கெட்டியா ஊத்தோணும்."

நால்வரும் கடை வாசலிலேயே உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கார் எங்க நிக்குது? மேல, குளுருல. அப்ப இளக்கந்தான்," என்றான் நாச்சிமுத்து.

"கல்யாணம் எங்க நடக்குது? கீழ, வெயில்ல. அப்ப கெட்டிதான்," என்றான் பொங்கியண்ணன்.

"பாதி மலையில நிறுத்தி மாத்திக்கலாமுங்கண்ணா," என்றான் சென்னியப்பன்.

"பாதி மலைன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

"வேர்க்க ஆரம்பிச்சா பாதி."

மாப்பிள்ளை என்றால் சும்மாவா என்று மற்ற மூவரும் பூரித்துப்போனார்கள். இரண்டையுமே வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள்.

இப்போது மட்டமான இடம் வேண்டும். கோயில் வாசல் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தை வைத்தால் அடுத்த ஊருக்குப் போனது. மட்டம் இல்லாவிட்டால் ஆயில் இல்லை. ஆயில் இல்லாவிட்டால் கார் இல்லை. கார் இல்லாவிட்டால் மரகதம் இல்லை.

கொத்தனாரிடம் கையாளாக இருக்கும் வையாபுரிதான் வழி சொன்னான். "எங்க கொத்தனார் எதை வெச்சு மட்டம் பாக்குறாரு? தண்ணிய வெச்சு. அப்ப தண்ணிதானே மட்டம்? நம்மூர்ல தண்ணி எங்க இருக்குது?"

நால்வரும் ஒன்றாகத் திரும்பி ஏரியைப் பார்த்தார்கள். அடேயப்பா, என்ன மட்டம்!

கியர் விழாததால் எந்தத் தொந்தரவும் இல்லை. கைப் பிரேக்கை எடுத்தவுடனேயே கார் சரிவில் தானாக உருண்டுபோய் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. வையாபுரி முங்கிப் போல்ட்டைக் கழற்றினான். ஓட்டையிலிருந்து குபுகுபுவென்று குமிழி வந்தது.

"வழியுது! வழியுது!" என்று கத்திக்கொண்டே எழுந்தான்.

"இன்னும் ஒரு சொட்டுக்கூட ஊத்தலையே?" என்றான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து ஓட்டைக்குள் விரலை விட்டு, எடுத்து, கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்தான். "நல்ல இளக்கம். குளுருற எடத்துக்குச் சரியானது. வண்டி தனக்கு வேணுங்கறதைத் தானே எடுத்துக்கிச்சு."

டின்கள் இரண்டும் மிச்சமாயின. இனி வழிவது நிற்க வேண்டும், போல்ட்டைப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். வையாபுரி முங்குவதும் எழுவதுமாக இருந்தான். எப்போது கேட்டாலும், "உள்ளயும் தண்ணி, வெளியயும் தண்ணி. இன்னும் நிக்கலைண்ணா" என்றான். அப்படியே பொழுது விடிந்துவிட்டது.

பட்டு வேட்டியும் மாலையுமாக, இடுப்பளவு தண்ணீரோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பஸ்ல போயிரலாமா?" என்றான் பொங்கியண்ணன்.

"கார்ல வரலீன்னா கல்யாணம் இல்லைன்னு மாமா சொன்னாரே அண்ணா!"

மாப்பிள்ளையைக் காணோமே என்று பெண் வீட்டார் வேன் பிடித்து மலையேறி வந்தார்கள். மாமனார் ஏரிக்கரையில் நின்று, "மாப்பிள்ளை எங்க?" என்று அதட்டினார்.

சென்னியப்பன் கார்க் கதவைத் திறந்தான். பட்டு வேட்டி மிதக்கத் தண்ணீரில் இறங்கினான். "கார்லதானுங்க மாமா வந்து எறங்கறேன்."

"கார்ல வந்து எறங்கோணும்னு சொன்னேன். எங்க எறங்கோணும்னு நான் சொல்லலை. தப்பு என்மேலதான்," என்றார் மாமனார். நியாயமான மனுஷர்.

ஆனால் மரகதம் கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, முன்னும் பின்னுமாகக் காரைச் சுற்றி வந்தாள். சென்னியப்பனுக்கு உயிர் கையில் இல்லை. போச்சு, செருப்போடு போன மற்ற சம்பந்தங்களைப் போல இதுவும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏனுங்க," என்றாள் அவள். "கியர் பாக்ஸைப் பாத்துட்டீங்க, சரி. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். நாலு ஆம்பளைகள் ராத்திரி முழுக்க இங்கே நின்றும் ஒருத்தனுக்குத் தோன்றவில்லையே! தனக்கென்றே பிறந்தவள் இவள்தான் என்று அவன் கண் கலங்கிவிட்டது.

தாலியை வையாபுரியின் கையில் கொடுத்துக் காருக்குக் காவல் வைத்துவிட்டு, இரு வீட்டாரும் ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவர ஊர்க் கிணற்றுக்கு மேடேறி ஓடினார்கள்.